48 லட்சம் கட்டுரைகள், 13 குற்றச்சாட்டுகள்: யார் இந்த ஆரோன் ஸ்வார்ட்ஸ்?

2012, ஜனவரி 18. ஆங்கில விக்கிப்பீடியாவைத் திறந்தவர்களுக்கெல்லாம் அன்று கிடைத்தது ஒரு கறுப்புப் பக்கம்தான். ரெட்டிட் 12 மணி நேரம் மூடிக்கிடந்தது. அமெரிக்காவில் கூகுளைத் திறந்தால் லோகோ மேல் கறுப்புப் பட்டை. சர்வர் கோளாறு எதுவும் இல்லை, வேண்டுமென்றே செய்ததுதான். பைரசியை ஒழிக்கிறோம் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்பட்ட மசோதாக்களுக்கு எதிரான போராட்டம் அது. இரண்டே நாளில் அவை கிடப்பில் போடப்பட்டன.

இந்த எதிர்ப்பை ஆரம்பத்திலிருந்தே திரட்டியவர்களில் ஒருவருக்கு அப்போது வயது 25. ஊரே அந்த வெற்றியைக் கொண்டாடியபோது, அவர் வேறொரு வழக்கில் ஜாமீனில் இருந்தார். அடுத்த ஜனவரி 18 வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

அவர்தான் ஆரோன் ஸ்வார்ட்ஸ். பெயர் உங்களுக்குப் புதிதாக இருக்கலாம். ஆனால், அவர் கைவைத்த விஷயங்களைத் தினமும் பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறோம். பாட்காஸ்ட் ஆப்புக்குப் புது எபிசோடைக் கொண்டுவந்து தருகிறதே ஆர்.எஸ்.எஸ்., அதன் ஒரு வெர்ஷனை எழுதிய குழுவில் அவர் இருந்தார். ஏஐ சாட்பாட்கள் பதிலில் தலைப்பு, தடித்த எழுத்து எல்லாம் போட உதவும் மார்க்டவுனை ஜான் க்ரூபர் உருவாக்கியபோது கூடவே இருந்து உதவியவரும் இவர்தான்.

13 வயதில் ஒரு என்சைக்ளோபீடியா

1986 நவம்பர் 8-ம் தேதி, சிகாகோவுக்குப் பக்கத்தில் உள்ள ஹைலேண்ட் பார்க்கில் வளர்ந்த குடும்பத்தில் பிறந்தார் ஆரோன். அப்பா சாஃப்ட்வேர் கம்பெனி நடத்தியவர், அதனால் வீட்டில் கம்ப்யூட்டருக்குப் பஞ்சமில்லை. யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம் என்ற முறையில் ஒரு இணையக் கலைக்களஞ்சியத்தை உருவாக்கி, 13 வயதில் பரிசு வாங்கினார். விக்கிப்பீடியா வந்தது அதற்குப் பிறகு, 2001-ல்தான்.

ஆர்.எஸ்.எஸ். வேலையில் சேர்ந்தபோது வயது 14. மின்னஞ்சல் வழியாகப் பேசிக்கொண்டிருந்த சீனியர் இன்ஜினீயர்கள் பலருக்கு, எதிர்முனையில் இருப்பது ஸ்கூல் பையன் என்பதே தெரியாது. அடுத்து, சட்டப் பேராசிரியர் லாரன்ஸ் லெசிக் தொடங்கிய கிரியேட்டிவ் காமன்ஸுக்குத் தொழில்நுட்ப அடித்தளம் போட்டார். என் படைப்பை மற்றவர்கள் எந்தெந்த நிபந்தனையோடு பயன்படுத்தலாம் என்று படைப்பாளியே முன்கூட்டி அறிவிக்கும் உரிமமுறை இது. காப்பிரைட்டை ஒழிக்கும் திட்டம் அல்ல, காப்பிரைட்டுக்கு உள்ளேயே ஒரு கதவைத் திறந்துவைக்கும் ஏற்பாடு.

ஸ்டான்ஃபோர்டில் சேர்ந்து ஒரே வருடத்தில் வெளியே வந்தார். 2005-ல் ஆரம்பித்த அவருடைய ஸ்டார்ட்அப், ரெட்டிட்டோடு இணைந்தது. 2006-ல் கான்டே நாஸ்ட் நிறுவனம் ரெட்டிட்டை வாங்கியபோது கையில் பணம் வந்தது, ஆனால் ஆபீஸ் வாழ்க்கை ஒட்டவில்லை. சில மாதங்களில் வேலை போய்விட்டது. அதன் பிறகு ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டார்: மக்கள் பணத்தில் உருவாகும் அறிவு ஏன் பூட்டிவைக்கப்படுகிறது?

தீர்ப்பைப் படிக்கவும் காசா?

முதலில் கண்ணில் பட்டது பேசர். அமெரிக்க மத்திய நீதிமன்றங்களின் ஆவணங்கள் இருக்கும் தளம். இந்த ஆவணங்களுக்குக் காப்பிரைட் கிடையாது. ஆனாலும் ஒரு பக்கத்துக்கு 8 சென்ட் கட்டணம். 2008-ல் 17 நூலகங்களில் மட்டும் சோதனை முறையில் இதை இலவசமாகத் திறந்துவிட்டார்கள். அந்த வழியாக, ஒரு புரோகிராம் எழுதி, சுமார் 2 கோடி பக்கங்களை இறக்கினார் ஆரோன். அதிகாரிகள் கவனித்ததும் மொத்தச் சோதனைத் திட்டமும் நிறுத்தப்பட்டது.

எஃப்.பி.ஐ. விசாரித்தது. பொது ஆவணத்தைப் பொதுமக்களில் ஒருவர் எடுத்திருக்கிறார், இதில் வழக்கு எங்கே? 2009-ல் ஃபைலை மூடிவிட்டார்கள். தகவல் அறியும் சட்டத்தின் கீழ் மனு போட்டு, தன்னைப் பற்றிய அந்த ஃபைலையே வாங்கி வெளியிட்டார் ஆரோன். முதல் மோதலில் தப்பித்தாயிற்று. ஆனால், அரசின் பார்வையில் விழுந்துவிட்டார்.

எம்.ஐ.டி. கட்டடத்தில் ஒரு லேப்டாப்

அடுத்த இலக்கு ஆய்விதழ்கள். இந்தத் துறையின் கணக்கே விசித்திரமானது. ஆய்வுக்குப் பெரும்பாலும் அரசு நிதி. கட்டுரை எழுதும் பேராசிரியருக்கு ஆய்விதழ் பணம் தருவதில்லை, அதைச் சரிபார்க்கும் சக ஆய்வாளர்களுக்கும் வழக்கமாகத் தருவதில்லை. ஆனால், அச்சான பிறகு அதைப் படிக்க அதே பல்கலைக்கழகம் சந்தா கட்ட வேண்டும். சந்தா கட்ட முடியாத கல்லூரியில் படிக்கும் மாணவருக்குக் கதவு மூடியே இருக்கும். இந்தக் கதவுகளைத் திறப்பது கடமை என்று 2008-ல் ஒரு அறிக்கையே எழுதினார் ஆரோன். பின்னாளில் அரசுத் தரப்பு அவருக்கு எதிராகக் கையில் எடுத்ததும் அதே அறிக்கையைத்தான்.

2010 செப்டம்பர். அப்போது அவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர். பக்கத்திலேயே இருந்த எம்.ஐ.டி. வளாகத்துக்குப் போய், விருந்தினர் நெட்வொர்க்கில் லேப்டாப்பை இணைத்தார். கொடுத்த பெயர் கேரி ஹோஸ்ட். சுருக்கினால் ஜி.ஹோஸ்ட், அதாவது ஆங்கிலத்தில் பேய். பழைய ஆய்விதழ்களை டிஜிட்டலாக்கி வைத்திருக்கும் ஜேஸ்டோர் என்ற லாப நோக்கமற்ற அமைப்பின் தளத்திலிருந்து, புரோகிராம் மூலம் கட்டுரைகளை இறக்க ஆரம்பித்தார்.

ஒன்றிரண்டு கட்டுரை எடுத்திருந்தால் பிரச்சினையே இல்லை. அந்த வளாகத்தில் இருந்த யாருக்கும் அது அனுமதிதான். ஆனால், மொத்தமாக இறக்குவது விதிமுறைப்படி தடை. ஜேஸ்டோர் சர்வர்கள் திணறின. ஒருகட்டத்தில் எம்.ஐ.டி. முழுவதற்குமே சில நாட்கள் ஜேஸ்டோர் துண்டிக்கப்பட்டது. அங்கிருந்த உண்மையான ஆய்வாளர்களும் பாதிக்கப்பட்டார்கள். ஒவ்வொரு முறை தடுக்கும்போதும் லேப்டாப்பின் அடையாள எண்ணை மாற்றித் திரும்ப வந்தார் ஆரோன். கடைசியில் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில், நெட்வொர்க் ஒயர்கள் இருக்கும் சிறிய அறையில், லேப்டாப்பை நேரடியாகவே செருகிவைத்தார். அறை பூட்டப்பட்டிருக்கவில்லை. லேப்டாப்பைக் கண்டுபிடித்தவர்கள் அங்கே கேமரா வைத்தார்கள். சைக்கிள் ஹெல்மெட்டால் முகத்தை மறைத்தபடி உள்ளே வந்தவர் அதில் பதிவானார். 2011 ஜனவரி 6-ம் தேதி கைது. அதுவரை இறக்கியது சுமார் 48 லட்சம் கட்டுரைகள்.

அவற்றை அவர் இணையத்தில் வெளியிடவில்லை, விற்கவும் இல்லை. ஃபைல்களைத் திருப்பிக் கொடுத்தார். எங்கள் பிரச்சினை தீர்ந்தது என்று ஜேஸ்டோரும் ஒதுங்கிக்கொண்டது. எம்.ஐ.டி. நாங்கள் நடுநிலை என்றது. ஆனால், அரசு விடவில்லை.

ஒரே வயசுள்ள சட்டமும் பையனும்

2011 ஜூலையில் 4 குற்றச்சாட்டுகள். 2012 செப்டம்பரில் அது 13 ஆனது. கவனிக்க வேண்டியது: இதில் ஒன்றுகூட காப்பிரைட் மீறல் கிடையாது. பெரும்பாலானவை கம்ப்யூட்டர் மோசடி மற்றும் முறைகேட்டுச் சட்டத்தின் கீழ் வந்தவை. அந்தச் சட்டம் நிறைவேறியது 1986 அக்டோபரில், ஆரோன் பிறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு. வெப்சைட் என்ற ஒன்றே இல்லாத காலம். அனுமதி இல்லாமலோ, அனுமதியை மீறியோ கம்ப்யூட்டருக்குள் நுழைவது குற்றம் என்கிறது அது. ஆனால், அனுமதியை மீறுவது என்றால் என்ன? ராணுவ சர்வரை உடைப்பதும், ஒரு தளத்தின் விதிமுறையை மீறி அதிகமாக டவுன்லோடு செய்வதும் ஒன்றா? சட்டத்தில் தெளிவில்லை. அந்தத் தெளிவின்மைதான் அரசு வழக்கறிஞர்களின் பலம்.

எல்லாக் குற்றச்சாட்டுகளையும் கூட்டினால் அதிகபட்சத் தண்டனை 50 ஆண்டு. அவ்வளவு கேட்கும் எண்ணமே இல்லை, 6 மாதம்தான் பேசினோம் என்று பின்னர் அரசுத் தரப்பு விளக்கம் தந்தது. ஆனால், அந்த 6 மாதத்துக்கு ஒரு விலை இருந்தது: 13 குற்றங்களையும் ஒப்புக்கொள்ள வேண்டும். குற்றவாளி என்ற முத்திரை ஆயுளுக்கும் கூடவே வரும். மறுத்து வழக்கை நடத்தினால், தோற்கும்போது பல ஆண்டுகள் உள்ளே. ஆரோன் மறுத்தார்.

கூட்டமாக ஜெயித்த போராட்டம்

இதே காலத்தில்தான் பைரசி மசோதா போராட்டமும் நடந்தது. அதன் முதல் வடிவம் செனட்டுக்கு வந்ததும் 2010 செப்டம்பரில்தான். அதை எதிர்க்க டிமாண்ட் புரோகிரஸ் என்ற அமைப்பை நண்பர்களோடு தொடங்கினார் ஆரோன். 2011-ல் அது சோபா, பிபா என்று இரண்டு மசோதாக்களாக வளர்ந்தது. வெளிநாட்டுப் பைரசி தளங்களுக்கு விளம்பரம், பணப் பரிவர்த்தனை, தேடல் முடிவுகள் எல்லாவற்றையும் நீதிமன்ற உத்தரவு மூலம் துண்டிக்கலாம் என்பது திட்டம்.

பைரசி தளத்தை முடக்கினால் என்ன தப்பு என்று தோன்றும். 2012-ல் நம்ம ஊரிலேயே ஓர் உதாரணம் கிடைத்தது. தனுஷ் நடித்த '3' படத்தின் பைரசியைத் தடுக்க சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு பிறப்பித்தது. அதைக் காட்டி இன்டர்நெட் நிறுவனங்கள் விமியோ போன்ற தளங்களை அப்படியே முடக்கின. படத்துக்குச் சம்பந்தமே இல்லாதவர்களின் வீடியோக்களும் சேர்ந்து போயின. குறிப்பிட்ட லிங்க்கை மட்டும் தடுத்தால் போதும் என்று நீதிமன்றம் பிறகு தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. சோபாவை எதிர்த்தவர்கள் பயந்ததும் இதற்குத்தான்.

அங்கே லட்சக்கணக்கானோர் போன் செய்தார்கள், மனு போட்டார்கள். பெரிய நிறுவனங்களும் கூட நின்றன. ஜெயித்தார்கள். ஆனால், ஏற்கெனவே அமலில் இருக்கும் ஒரு சட்டத்தின் முன், கோர்ட் அறையில், ஆரோன் தனி ஆள். வழக்குச் செலவில் சேமிப்பும் கரைந்தது.

2013 ஜனவரி 11-ம் தேதி, நியூயார்க் வீட்டில் ஆரோன் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 26. விசாரணை தொடங்கச் சில மாதங்களே இருந்தன. மன அழுத்தம் பற்றிச் சில ஆண்டுகளுக்கு முன்பே அவர் வெளிப்படையாக எழுதியிருக்கிறார். ஒரு மரணத்துக்கு ஒற்றைக் காரணம் சொல்லிவிட முடியாது. ஆனால், அரசு வழக்கறிஞர்களுக்கும் எம்.ஐ.டி.க்கும் இதில் பங்கு உண்டு என்று குடும்பம் குற்றம்சாட்டியது. மூன்று நாளில் வழக்கு வாபஸ் ஆனது.

அதன் பிறகு என்ன மாறியது?

கம்ப்யூட்டர் மோசடிச் சட்டத்தைத் திருத்த ஆரோன் பெயரிலேயே ஒரு மசோதா வந்தது. நிறைவேறவில்லை. 2021-ல்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் அந்தச் சட்டத்தின் எல்லையைச் சுருக்கியது. அரசு நிதியில் நடக்கும் ஆய்வுகள் 12 மாதத்துக்குள் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று 2013-ல் வெள்ளை மாளிகை அறிவுறுத்தியது. 2022-ல் அந்தக் காத்திருப்பும் வேண்டாம் என்றது. பேசர் கட்டணம் மட்டும் 10 சென்டாக ஏறியது.

ஆரோன் விதியை மீறினாரா? மீறினார். அதில் பெரிய சந்தேகமில்லை. அந்த மீறலுக்கு எவ்வளவு தண்டனை சரி என்பதுதான் கேள்வி. இன்று ஏஐ நிறுவனங்கள் புத்தகங்களையும் கட்டுரைகளையும் லட்சக்கணக்கில் மொத்தமாக இறக்கி மாடல்களைப் பயிற்றுவிக்கின்றன. அதற்கு எதிரான வழக்குகள் பெரும்பாலும் நஷ்டஈடு கேட்கும் சிவில் வழக்குகள். யாரும் 50 ஆண்டு சிறை பற்றிப் பேசுவதில்லை. ஆரோன் கதையை இப்போது திரும்பப் படிக்க இதுவே போதுமான காரணம்.

(மன உளைச்சலோ, தற்கொலை எண்ணமோ ஏற்பட்டால் தயங்காமல் உதவி கேளுங்கள். டெலிமானஸ் இலவச உதவி எண்: 14416)