ஓட்டுப் போட்டு நீக்கப்பட்ட பெண் நீதிபதி

1986-ம் ஆண்டு நவம்பர் 4-ந் தேதி. அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் தேர்தல் நடந்தது.

ஓட்டுச் சீட்டில் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. அவரை எதிர்த்து யாரும் நிற்கவில்லை. போட்டியே கிடையாது. ஆனாலும் அவர் தோற்றுப் போனார்!

போட்டி இல்லாமல் ஒருவர் எப்படித் தோற்க முடியும்?

அந்தப் பெண்ணின் பெயர் ரோஸ் பேர்டு. கலிபோர்னியா சுப்ரீம் கோர்ட்டின் பிரதம நீதிபதி. அமெரிக்காவில் ஒவ்வொரு மாகாணத்துக்கும் தனித்தனியே மேல் கோர்ட்டு உண்டு. கலிபோர்னியாவில் அதற்குச் சுப்ரீம் கோர்ட்டு என்றே பெயர். அதில் 7 நீதிபதிகள்.

இவர்களைக் கவர்னர் நியமிப்பார். மூன்று பேர் கொண்ட ஒரு குழு அதை ஏற்க வேண்டும். பிறகு, கவர்னர் தேர்தல் வரும்போது அந்த நீதிபதியின் பெயர் மக்கள் முன் வரும். இவர் பதவியில் நீடிக்கலாமா என்பதுதான் கேள்வி. ஆம் அல்லது இல்லை என்று குறிக்க வேண்டும். 'இல்லை' அதிகமானால், நீதிபதி வீட்டுக்குப் போக வேண்டியதுதான். 1934-ம் ஆண்டில் வந்த முறை இது. இன்று சுமார் 20 மாகாணங்களில் இதுபோன்ற முறை இருக்கிறது.

ஏழைக் குடும்பம்

ரோஸ் பேர்டு 1936-ம் ஆண்டு நவம்பர் 2-ந் தேதி அரிசோனா மாகாணத்தில் பிறந்தார். கோழிப் பண்ணையில் வளர்ந்தார். சிறு வயதிலேயே தந்தை இறந்து விட்டார். தாயார் தொழிற்சாலையில் வேலை பார்த்து, மூன்று பிள்ளைகளையும் காப்பாற்றினார். கையில் படிப்பு இருந்தால் யாரிடமும் போய் நிற்க வேண்டாம் என்பது அந்தத் தாயின் எண்ணம்.

மகள் உதவிச் சம்பளம் பெற்றுப் படித்தார். 1965-ல் சட்டப் படிப்பை முடித்தார். சான்டா கிளாரா என்ற பகுதியில் அரசாங்க வக்கீல் ஆனார். குற்றம் சாட்டும் வக்கீல் அல்ல. வக்கீல் வைக்கப் பணம் இல்லாத ஏழைகளுக்காக, அரசாங்கச் செலவில் வாதாடும் வக்கீல். அந்த அலுவலகத்தில் அந்த வேலைக்கு வந்த முதல் பெண் அவர்.

1975-ல் ஜெர்ரி பிரவுன் கவர்னர் ஆனார். அவர் ரோஸ் பேர்டை மந்திரிக்குச் சமமான பதவியில் அமர்த்தினார். விவசாய இலாகாவும் அவர் பொறுப்பில் வந்தது. பண்ணைக் கூலிகளுக்கு ஒரு சட்டம் வர முக்கிய காரணமாக இருந்தார். எந்தத் தொழிற்சங்கம் வேண்டும் என்பதைக் கூலிகளே ரகசிய ஓட்டுப் போட்டு முடிவு செய்யலாம் என்றது அந்தச் சட்டம். கூலிகள் மகிழ்ந்தார்கள். பண்ணை முதலாளிகள் பலர் அவர் பெயரை மறக்கவே இல்லை.

1977-ல் அவர் பிரதம நீதிபதி ஆனார். அந்தச் சுப்ரீம் கோர்ட்டில் பெண் ஒருவர் அமர்ந்தது அதுவே முதல் தடவை. அதற்கு முன் அவர் ஒரு நாள்கூட நீதிபதியாக இருந்ததில்லை. குழுவில் இருவர் சம்மதித்தார்கள். ஒருவர் மறுத்தார். வந்ததும், பிரதம நீதிபதிக்கு உரிய ஆடம்பரக் காரை விற்கச் சொன்னார். சிக்கனக்காரர். யாரோடும் எளிதில் பழக மாட்டார் என்றும் சொல்வார்கள்.

1978-ல் முதல் முறையாக மக்கள் ஓட்டை எதிர்கொண்டார். நூற்றுக்கு 52 பேர்கூட ஆதரிக்கவில்லை. மயிரிழையில் தப்பினார். முன்பு இருந்தவரின் மீதிக் காலத்துக்குத்தான் அந்த ஓட்டு. அதனால் 1986-ல் மீண்டும் மக்கள் முன் நிற்க வேண்டி வந்தது.

61 வழக்குகள்

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும்.

கலிபோர்னியாவில் ஒருவனுக்கு மரண தண்டனை விதித்தால், அந்த வழக்கு தானாகவே சுப்ரீம் கோர்ட்டுக்குப் போகும். விசாரணை சட்டப்படி நடந்ததா என்று நீதிபதிகள் பார்ப்பார்கள். இப்படி ரோஸ் பேர்டு முன் வந்த வழக்குகள் 61. அத்தனையிலும் தண்டனை செல்லாது என்றே அவர் ஓட்டளித்தார். ஒன்றில்கூட மாறவில்லை.

தண்டனை செல்லாது என்றால் கொலைகாரனை வெளியே விடுவது என்று பொருளா? இல்லை. மறு விசாரணை நடக்கலாம். மறுபடியும் மரண தண்டனையே கிடைக்கலாம். ஆயுள் முழுவதும் சிறையில் கிடக்கலாம். இந்த வித்தியாசம் எத்தனை பேருக்குத் தெரிந்தது?

மக்கள் பக்கமும் நியாயம் இருந்தது. 1978-ல் மக்களே ஓட்டுப் போட்டு மரண தண்டனைச் சட்டத்தை விரிவாக்கினார்கள். 8 வருஷம் ஆகியும் ஒரு தண்டனைகூட நிறைவேறவில்லை. 61 விசாரணைகளில் ஒன்றுகூடவா ஒழுங்காக நடக்கவில்லை? மற்ற நீதிபதிகள் பல வழக்குகளில் ரோஸ் பேர்டோடு சேர்ந்தார்கள். ஆனால் அவர்களே சில வழக்குகளில் தண்டனை சரி என்றும் சொன்னார்கள். அவர் மட்டும் சொல்லவில்லை. இதற்குக் காரணம் சட்டமா, சொந்த எண்ணமா என்று மக்கள் கேட்டதில் தவறு இல்லை.

ஆனால் கேள்விக்குப் பதில் தீர்ப்பில் அல்லவா இருக்கிறது? தீர்ப்புகளோ பக்கம் பக்கமாக நீளும். அதை யார் படிப்பார்கள்? டெலிவிஷனில் வந்தது வேறு. கொலையுண்டவர்களின் உறவினர்கள் தோன்றிக் கண் கலங்கினார்கள். கவர்னர் டுக்மேஜியன் வெளிப்படையாகவே எதிர்த்தார். நடக்கும் வழக்கைப் பற்றி நீதிபதி மேடையில் பேசக் கூடாது. கையைக் கட்டிக் கொண்டு சண்டை போடுவது போல ஆயிற்று.

அன்று சீட்டில் 6 நீதிபதிகளின் பெயர்கள் இருந்தன. ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஓட்டு. மூன்று பேரை மக்கள் வைத்துக் கொண்டார்கள். மூன்று பேரை நீக்கினார்கள். ரோஸ் பேர்டை வேண்டாம் என்றவர்கள் நூற்றுக்கு 67 பேர். குரூஸ் ரெய்னோசோ, ஜோசப் குரோடின் என்ற இரு நீதிபதிகளும் அவரோடு போனார்கள். அவர்கள் எல்லா மரண தண்டனைகளையும் எதிர்த்தவர்கள் அல்ல. சில வழக்குகளில் தண்டனை சரி என்றவர்களே. பெரிய மரம் விழும்போது பக்கத்துச் செடிகளும் நசுங்கின.

1934-க்குப் பிறகு அங்கே சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி ஒருவர் இப்படித் தோற்றது அதுவே முதல் முறை.

ஓட்டுப் போடுகிறவர் எதைப் பார்ப்பது? இரண்டு பக்கமும் கேட்கிறாரா, காரணம் சொல்லித் தீர்ப்பு எழுதுகிறாரா, காலதாமதம் செய்கிறாரா, கை சுத்தமா என்று பார்க்கலாம். அலாஸ்கா மாகாணத்தில் 1976 முதல் இதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. நீதிபதியின் வேலையைப் பற்றி வக்கீல்களிடமும் போலீசாரிடமும் விசாரித்து, தேர்தலுக்கு முன் மக்களுக்கு அறிக்கை தருகிறார்கள். கொலராடோ, அரிசோனா மாகாணங்களிலும் இப்படி ஒரு வழி வந்தது. கலிபோர்னியா மக்களுக்கு 1986-ல் அப்படி ஓர் அறிக்கை கிடைக்கவில்லை.

புதிய நீதிபதிகள் வந்தார்கள். மரண தண்டனைகள் பெரும்பாலும் உறுதி செய்யப்பட்டன. ஆனாலும் முதல் தண்டனை நிறைவேறியது 1992-ல்தான். 2006 வரை 13 பேர். 2019-ல் அப்போதைய கவர்னர் தண்டனை நிறைவேற்றத்தையே நிறுத்தி வைத்தார்.

பதவி போன பின்

ரோஸ் பேர்டு பணம் குவிக்கும் வக்கீல் தொழிலுக்குப் போகவில்லை. வயதான தாயாரைக் கவனித்துக் கொண்டார். ஏழைகளுக்கான ஒரு சட்ட உதவி அலுவலகத்துக்குப் போய், சும்மா உதவி செய்ய வந்திருப்பதாகச் சொன்னார். தாம் யார் என்பதைச் சொல்லவில்லை. அவர்களுக்கும் தெரியவில்லை. காகிதங்களைப் பிரதி எடுக்கும் எந்திரத்தின் முன் நிறுத்தினார்கள். முன்னாள் பிரதம நீதிபதி, ஒரு வார்த்தை பேசாமல் பிரதி எடுத்துக் கொடுத்தார்.

மார்பில் வந்த புற்றுநோய் அவரைப் பல வருஷம் விடாமல் துரத்தியது. 1999-ம் ஆண்டு டிசம்பர் 4-ந் தேதி, 63-வது வயதில் காலமானார்.