வழிவிட்டு நின்ற வழிகாட்டி: மரியா மாண்டிசோரி அம்மையார்

குழந்தை என்பது இறைவன் பெற்றோரிடம் ஒப்படைத்துள்ள அமானிதம். அமானிதத்தைப் பேணிக் காக்கும் கடமை நமக்குண்டு. அதனை நம் உடைமையாக்கிக் கொள்ளும் உரிமை நமக்கில்லை. இவ்வேறுபாட்டை நாம் பல வேளைகளில் மறந்துவிடுகிறோம். தானே உண்ண முயலும் குழந்தைக்குச் சிந்திவிடும் என்றஞ்சி ஊட்டிவிடுகிறோம். தானே பொத்தானிட முயலும் குழந்தைக்கு நேரமாகிறதென்று நாமே பூட்டிவிடுகிறோம். அன்பினால் செய்யும் இத்தகைய உதவிகளே குழந்தையின் வளர்ச்சிக்குத் தடையாகலாம் என்று உலகுக்கு எடுத்துக்காட்டியவர் மரியா மாண்டிசோரி அம்மையார். சென்னை அடையாற்றிலும் கோடைக்கானல் மலையிலும் பல ஆண்டுகள் வாழ்ந்து பணிபுரிந்தவர் என்பதால் அவர்தம் வாழ்க்கை நமக்கு அயலானதன்று.

பிறப்பும் கல்வியும்

இத்தாலி நாட்டில் அங்கோனா மாகாணத்தைச் சேர்ந்த கியாராவல்லே என்னும் சிற்றூரில் 1870ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31ஆம் நாள் அம்மையார் பிறந்தார். தந்தை அலெசாண்ட்ரோ அரசுப் பணியாளர். தாய் ரெனில்டே கல்வியில் நாட்டம் மிக்கவர். பெண்ணுக்கு ஆசிரியப் பணியே போதும் என்று கருதப்பட்ட காலம் அது. மாண்டிசோரியோ பதின்மூன்றாம் வயதில் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். பின்னர் மருத்துவம் பயில விழைந்தார். தந்தைக்கு அதில் உடன்பாடில்லை, தாய் துணைநின்றார். ஆண் மாணவர்களுடன் சேர்ந்து பிணக்கூறு ஆய்வு செய்தல் தகாதெனப்பட்டதால், மற்றவர் சென்றபின் தனியே ஆய்வுக் கூடத்தில் பயின்றார். 1896ஆம் ஆண்டு ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்று, இத்தாலியின் முதல் பெண் மருத்துவர்களுள் ஒருவரானார்.

மருத்துவர் ஆசிரியரானார்

பல்கலைக்கழக மனநல மருத்துவப் பிரிவில் பணியாற்றியபோது, மனவளர்ச்சி குன்றிய குழந்தைகள் வெற்றறைகளில் அடைக்கப்பட்டிருந்த நிலையைக் கண்டார். உண்டு முடித்தபின் தரையில் சிந்திய ரொட்டித் துணுக்குகளை அக்குழந்தைகள் தேடியெடுப்பதைப் பிறர் பசியென்றும் பேராசையென்றும் கருதினர். கையால் தொட்டு அறிய வேறு பொருளேதும் இல்லாமையே காரணம் என்று அம்மையார் உணர்ந்தார். இட்டார், செகன் ஆகிய பிரெஞ்சு அறிஞர்களின் நூல்களைக் கற்று, 1900ஆம் ஆண்டில் தொடங்கிய பயிற்சிப் பள்ளியின் இயக்குநர்களுள் ஒருவராகப் பொறுப்பேற்றார். அவர் பயிற்றிய குழந்தைகளுட் சிலர் பொதுத்தேர்வில் மற்றக் குழந்தைகளுக்கு ஒப்பாகத் தேறினர். எல்லோரும் பாராட்டினர், அம்மையார் கவலையுற்றார். குறையுள்ள குழந்தைகளே இந்நிலையை எட்ட முடியுமாயின், நலமுள்ள குழந்தைகளை இவ்வளவில் நிறுத்தி வைத்திருப்பது எது என்னும் வினா அவரை வாட்டியது.

குழந்தைகள் இல்லம்

விடை தேடும் வாய்ப்பு 1907இல் வந்தது. ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பான சான் லோரென்சோவில், பெற்றோர் வேலைக்குச் சென்றபின் தனித்துவிடப்பட்ட குழந்தைகள் சுவர்களைப் பாழாக்கினர். கட்டட உரிமையாளர்கள் ஓர் அறையை ஒதுக்கி, அவர்களைக் கவனிக்கும் பொறுப்பை அம்மையாரிடம் அளித்தனர். அவ்வாண்டு ஜனவரி 6ஆம் நாள் ஐம்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகளுடன் குழந்தைகள் இல்லம் தொடங்கிற்று.

அங்கே ஏறத்தாழ மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, மரக்கட்டையிலுள்ள குழிகளில் அவ்வவற்றுக்குரிய உருளைகளைப் பொருத்திக் கொண்டிருந்தாள். நாற்பது முறைக்கு மேல் அதனையே செய்தாள். சுற்றிலும் மற்றப் பிள்ளைகளைப் பாடச் செய்தபோதும் அவள் கவனம் சிதறவில்லை. இருக்கையோடு தூக்கி மேசைமீது வைத்தபோதும், உருளைகளை மடியில் அள்ளிக்கொண்டு தொடர்ந்தாள். முடித்தபோது அவள் முகத்தில் களைப்பில்லை, மலர்ச்சியே இருந்தது. பரிசோ தண்டனையோ இன்றி, தானே தேர்ந்த வேலையில் குழந்தை ஆழ்ந்துபோகும் என்பதை அம்மையார் அன்று கண்டார்.

மற்றொரு நாள் ஆசிரியை அலமாரியைப் பூட்ட மறந்தார். குழந்தைகள் தாமாகவே வேண்டிய பொருளை எடுத்து அமைதியாக வேலை செய்தனர். அன்றுமுதல் பூட்டிய அலமாரிகள் நீங்கித் தாழ்வான திறந்த அடுக்குகள் வந்தன. குழந்தை தூக்கத்தக்க நாற்காலி, பொத்தானிட்டுப் பழகச் சட்டங்கள், விரலால் தடவியறிய உப்புத்தாள் எழுத்துகள் ஆகியன அமைந்தன. உருளை தவறான குழியிற் சேர்ந்தால் இறுதியில் ஒன்று மிஞ்சும். பிழையை ஆசிரியர் சுட்ட வேண்டுவதில்லை, பொருளே காட்டிவிடும். திருத்தப்படும் அச்சமின்றித் தானே திருத்திக்கொள்ளும் பழக்கத்தில்தான் தன்னம்பிக்கை வேரூன்றுகிறது. எழுத்துகளைத் தடவிப் பழகிய குழந்தைகள் சில மாதங்களில் ஒருநாள் தாமாகவே சொற்களை எழுதத் தொடங்கியது உலகை வியக்க வைத்தது.

வளர்ச்சியின் நான்கு படிகள்

மனித வளர்ச்சியை அம்மையார் ஆறாறு ஆண்டுகளாகப் பகுத்தார். பிறப்பு முதல் ஆறு வயதுவரை குழந்தை சூழலை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். தானே செய்யப் பழகுவதே அப்பருவத்தின் தேவை. ஆறு முதல் பன்னிரண்டுவரை காரணம் வினவும். நன்மை தீமையை ஆராயும். தோழர் கூட்டத்தை நாடும். பன்னிரண்டு முதல் பதினெட்டுவரை உடலும் உள்ளமும் மாறும். மதிக்கப்பட வேண்டும் என்னும் ஏக்கம் மிகும். பதினெட்டு முதல் இருபத்துநான்குவரை உலகில் தனக்குரிய பணியைத் தேர்ந்து தன் காலில் நிற்கும். ஒரு படிக்குரிய உரிமையை மறுத்தால் அடுத்த படியில் தளர்ச்சி தோன்றும் என்பது அவர் முடிபு.

துயரும் அடையாறும்

உலகக் குழந்தைகளுக்காக உழைத்தவரின் வாழ்வில் ஒரு பெருந்துயரும் இருந்தது. 1898இல் மணவாழ்க்கை அமையாத நிலையில் பிறந்த தம் மகன் மரியோவை அவர் தாமே வளர்க்க இயலவில்லை. நாட்டுப்புறக் குடும்பமொன்றில் வளர்ந்த மகன் பதினைந்து வயதளவில்தான் தாயிடம் வந்து சேர்ந்தார். அதன் பின்னரும் நெடுங்காலம் மகன் என்று வெளிப்படையாகச் சொல்ல இயலாத நிலை இருந்தது.

முசோலினியின் ஆட்சியோடு முரண்பட்டதால் 1934இல் இத்தாலியில் அவர் பள்ளிகள் மூடப்பட்டன. ஸ்பெயினில் தங்கியவரை 1936இல் மூண்ட உள்நாட்டுப் போர் நெதர்லாந்துக்குத் துரத்தியது. 1939 நவம்பரில் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று மகனுடன் அடையாறு வந்தார். ஓலைக் கொட்டகைகளில் ஏறத்தாழ முந்நூறு ஆசிரியர்கள் அவரிடம் பயின்றனர். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கவே, பிரிட்டிஷ் அரசு மரியோவைச் சிறைவைத்தது. அம்மையாரின் நடமாட்டத்தையும் தடைசெய்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் அவரது எழுபதாம் பிறந்தநாளையொட்டி அரசப் பிரதிநிதி மரியோவை விடுவித்தார். அனுப்பிய தந்தியில் அவரை அம்மையாரின் மகன் என்றே குறிப்பிட்டிருந்தார். நாற்பது ஆண்டுகள் ஏங்கிய சொல் நம் மண்ணில் அத்தாய்க்குக் கிட்டியது.

போர்க்காலத்தில் ஏறத்தாழ இரண்டாண்டுகள் கோடைக்கானலில் தங்கி, ஆறு முதல் பன்னிரண்டு வயதினருக்குரிய கல்வியை வகுத்தார். செடியும் பூச்சியும் மண்ணும் மனிதனும் ஒன்றையொன்று சார்ந்திருப்பதை மலைச்சாரலிலேயே குழந்தைகள் கண்டறிந்தனர். 1946இல் ஐரோப்பா சென்று, 1947இல் மீண்டும் வந்து 1949வரை பணி தொடர்ந்தார். இந்நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் அவரிடம் பயிற்சி பெற்றனர். 1952 மே 6ஆம் நாள் நெதர்லாந்தில் தம் 81ஆம் வயதில் மறைந்தார்.

நாம் கொள்ளத்தக்கது

இன்று அவர் பெயர் தாங்கிய பள்ளிகள் பல ஊர்களில் உள்ளன. பெயர்ப்பலகையில் மாண்டிசோரி இருக்க, உள்ளே மூன்று வயதுப் பிள்ளை கைகட்டி அமர்ந்து பாடம் ஒப்புவிக்கும் காட்சியையும் நாம் காண்கிறோம். பிள்ளையின் கையைப் பிடித்து எழுதவைக்கும் நாமே, அவன் கல்லூரி வயதை எட்டும்போது பாடத்தையும் பணியையும் அவனுக்காகத் தேர்ந்துவிடுகிறோம். பின்னர் அவனுக்குத் துணிவில்லை என்று வருந்துகிறோம். மூன்று வயதில் பொத்தானிட விடாத கைதான் பதினெட்டு வயதில் விண்ணப்பத்தை நிரப்பித் தருகிறது.

அருகில் நில்லாமல் விட்டுவிடுவது வளர்ப்பன்று; எல்லாவற்றையும் நாமே செய்வதும் வளர்ப்பன்று. சூழலைச் செம்மைப்படுத்தி, ஒருமுறை செய்துகாட்டி, பின் வழிவிட்டு நிற்பதே வளர்ப்பு. தாம் பெற்ற பிள்ளையின் இளமையை இழந்த தாய் பிறர் பிள்ளைகளின் இளமையைக் காக்க உழைத்துக் கற்பித்த பாடம் இது. அமானிதம் குறித்து நாம் வினவப்படும் நாளில், நம் பிள்ளைகள் தம் கால்களில் நின்றார்கள் என்று விடைகூறும் பேற்றினை எல்லாம் வல்ல இறைவன் நமக்கு நல்குவானாக.