பண்டிதை ரமாபாய் இழந்தவை

1870-களில் சென்னை மாகாணத்தைப் பஞ்சம் வாட்டிய நாட்களில், தலயாத்திரையாக வந்த மராட்டிய அந்தணக் குடும்பம் ஒன்று திருப்பதியில் தங்கியிருந்தது. அன்று திருப்பதி, சித்தூரைத் தலைநகராகக் கொண்ட வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. முதியவரான அனந்த சாஸ்திரி டோங்ரே, மனைவி லக்ஷ்மிபாய், ஒரு மகன், இரு மகள்கள். ஊர் ஊராகப் புராணம் வாசித்து, கிடைத்ததைத் தான தர்மங்களில் செலவிட்டு வாழ்ந்தவர்கள். கையிலிருந்த கடைசி அரிசியும் தீர்ந்தது. பிச்சையெடுக்க அவர்களுடைய மானம் இடங்கொடுக்கவில்லை, கூலிவேலையோ தெரியாது. இறப்பதற்கென்றே மலைக்காட்டினுள் சென்றார்கள். பதினொரு நாட்கள் இலைகளையும் காட்டு ஈச்சம் பழங்களையும் தின்று, தண்ணீர் குடித்துக் கழித்தார்கள். புனித தீர்த்தம் ஒன்றில் மூழ்கி உயிர்விடத் துணிந்த தந்தை, பிள்ளைகளிடம் விடைபெற்றுக்கொண்டார். கூலிவேலை செய்தேனும் காப்பாற்றுவேன் என்று மகன் தடுத்தான். காட்டை விட்டு வெளியேறினர். ஆயினும் தந்தை, தாய், மூத்த மகள் மூவரும் சில மாதங்களுக்குள் அடுத்தடுத்து இறந்தனர். தாயின் பாடையைத் தூக்க இரண்டு அந்தணரே முன்வந்தனர். நான்காவது ஆளாக இளைய மகளே நின்றாள். உயரம் போதாததால் பாடையைத் தலையில் சுமந்தாள்.

அந்த இளைய மகளே பண்டிதை ரமாபாய். 1858-இல் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் பிறந்தவர். பெண்ணுக்கு சம்ஸ்கிருதம் கற்பிக்கலாகாது என்ற வழக்கத்தை மீறி மனைவிக்குக் கற்பித்ததற்காக, அனந்த சாஸ்திரி உடுப்பியில் பண்டிதர் சபையின் முன் விளக்கமளிக்க நேர்ந்தது. நூல்களைச் சான்று காட்டித் தம் நிலையை நிறுவினார் அவர். கொண்ட கொள்கைக்காகத் தனித்து நிற்கும் உறுதியை மகள் எங்கிருந்து பெற்றார் என்று நாம் வெகுதூரம் தேட வேண்டியதில்லை.

தமையனுடன் கால்நடையாகவே நாடு சுற்றி, 1878-இல் கல்கத்தாவை அடைந்தார். அங்குள்ள அறிஞர்கள் அவரது புலமையை வியந்து 'பண்டிதை', 'சரஸ்வதி' என்னும் பட்டங்களை வழங்கினர். 1880-இல் தமையனும் இறந்தான். அதே ஆண்டு வேறு சாதியைச் சேர்ந்த வங்காள வழக்கறிஞர் ஒருவரை மணந்தார். 1882-இல் அவரும் காலமானார். கையில் பெண் குழந்தை மனோரமா.

புனேயில் ஆர்ய மகிளா சமாஜத்தை நிறுவிய அவரைச் சீர்திருத்தவாதிகள் தங்கள் பெருமையாகக் கொண்டாடினர். 1883-இல் இங்கிலாந்து சென்று, அவ்வாண்டே ஞானஸ்நானம் பெற்றதும் அந்தக் கொண்டாட்டம் ஓய்ந்தது. ஜோதிராவ் புலே போன்ற மிகச் சிலரே அவருக்காக எழுதினர்.

திருச்சபை அவரை முழுமனதாக ஏற்றுக்கொண்டதா? அதுவும் இல்லை. திரித்துவக் கோட்பாட்டைக் கேள்வியின்றி ஒப்புக்கொள்ள அவர் மறுத்தார். சிலுவையில் இலத்தீன் எழுத்துகளுக்குப் பதில் சம்ஸ்கிருதம் இருக்கலாகாதா என்று கேட்டார். மரக்கறி உணவைக் கைவிடவில்லை. ஒரு குருமாரின் அதிகாரத்திலிருந்து விடுபட்டு மற்றொரு குருமாரின் அதிகாரத்திற்கு அடங்குவது அவருக்குப் பொருளற்றதாகப் பட்டது. கல்லூரியில் ஆண்களுக்கு அவர் பாடம் கற்பிப்பதையும் ஆயர்கள் தடுத்தனர். தாம் பிறந்த சமூகத்தை இழந்தவர், சேர்ந்த சமூகத்திலும் அயலாராகவே இருந்தார்.

அமெரிக்காவில் நிதி திரட்டி, 1889-இல் பம்பாயில் உயர்சாதி விதவைகளுக்காக சாரதா சதனத்தைத் தொடங்கினார். அங்கு மதபோதனை நிகழாது என்று உறுதியளித்திருந்தார். அடுத்த ஆண்டு இல்லம் புனேக்கு மாறியது. ஆனால் தமது அறைக் கதவைச் சாத்தாமல் அவர் பிரார்த்தித்தார். விரும்பிய பெண்கள் வந்து அமர்ந்தனர். திலகரின் 'கேசரி' கடுமையாகத் தாக்கியது. ரானடேயும் பண்டார்கரும் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினர். 1893-இல் ஏறத்தாழ 25 பெண்களை அவர்களுடைய குடும்பத்தார் அழைத்துச் சென்றுவிட்டனர். இங்கு இருதரப்பையும் நாம் நோக்க வேண்டும். யாரையும் வற்புறுத்தவில்லை என்பது உண்மையே. எனினும் உண்ண உணவும் உறங்க இடமும் அளிப்பவரின் பிரார்த்தனை, ஆதரவற்ற ஓர் இளம் விதவைக்கு வெறும் பிரார்த்தனையாக மட்டும் இருக்குமா? பெற்றோரின் அச்சத்தைப் பொருளற்றதென ஒதுக்க முடியாது. ஆயினும் அந்த விலையில் பெரும்பங்கைக் கொடுத்தவர்கள், எழுத்தை இடையில் விட்டுத் திரும்பிய அந்த விதவைகளே. இதைப் பற்றி இருதரப்பும் குறைவாகவே பேசின.

1895-இல் புரூக்ளினின் ரமாபாய் வட்டத்தார், இந்திய விதவைகளின் நிலை குறித்து சுவாமி விவேகானந்தருடன் மோதியதை நம் வாசகர்கள் அறிவர். அந்தச் சர்ச்சையோடு மட்டும் அம்மையாரின் பெயரை நினைவுகொள்வது நியாயமாகாது.

1896-97 பஞ்சத்தின்போது மத்திய மாகாணங்களுக்கு அவரே சென்று நூற்றுக்கணக்கான பெண்களையும் சிறுமிகளையும் மீட்டு, புனே அருகே கேட்காவில் குடியமர்த்தினார். அதுவே முக்தி இல்லம். குஜராத் பஞ்சத்திற்குப் பிறகு அங்கிருந்தவர்கள் ஏறத்தாழ 2,000 பேர். நெசவு, வேளாண்மை, அச்சுத்தொழில் அனைத்தையும் பெண்களே கற்றனர். உணவின்றிக் காட்டில் கிடந்த பதினொரு நாட்களை மறவாதவர் அவர். பசித்த முகங்களைக் கண்டதும் அவருக்கு எண்ணிக்கை புலப்படவில்லை போலும்!

எபிரேயமும் கிரேக்கமும் கற்று, எளிய மக்களும் படிக்கும் மராத்தியில் பைபிளைத் தனியொருவராக மொழிபெயர்க்கத் தொடங்கினார். சம்ஸ்கிருதச் சொற்களைக் குறைத்து எழுதினார். பாகவதத்தை மனப்பாடமாகக் கொண்டிருந்த ஒருவருக்கு அது எளிய துறவன்று. பிற்காலத்தில் செவிப்புலனும் மங்கியது. தமக்குப்பின் இல்லத்தை நடத்துவாள் என்று நம்பியிருந்த மனோரமா 1921 ஜூலையில் இறந்தாள். தாய் மொழிபெயர்ப்பைக் கைவிடவில்லை. முக்தி இல்லத்துப் பெண்கள் எழுத்துக் கோத்து அளித்த அச்சுப்படிகளைத் திருத்தியவாறே இறுதி மாதங்களைக் கழித்து, 1922 ஏப்ரல் 5 அன்று கேட்காவில் மறைந்தார்.