ஹோமி பாபா: அணு விஞ்ஞானிக்கு எதுக்கு ‘சிப்’ கவலை?

2021-ல் புது கார் புக் பண்ணிட்டு மாசக்கணக்கில் காத்திருந்தவங்களுக்கு சிப் தட்டுப்பாடுன்னா என்னன்னு சொல்லித்தரவே வேண்டாம். பாகம் கிடைக்கலைன்னா பொருளோட டிசைனே மாறிடும். இந்தத் தலைவலியை 60 வருஷத்துக்கு முன்பே கவனித்தவர், அணுசக்திக்காக மட்டுமே நாம் நினைவில் வைத்திருக்கும் ஹோமி ஜஹாங்கீர் பாபா.

1909 அக்டோபர் 30-ல் மும்பையில், வசதியான பார்சி குடும்பத்தில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படிக்கப்போய் இயற்பியலுக்குத் தாவினார். 1939-ல் விடுமுறைக்கு வந்தவரை உலகப்போர் இங்கேயே நிறுத்திவிட்டது. 1945-ல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். 1956-ல் அப்சரா அணு உலை. இதெல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கு.

வால்வு கம்ப்யூட்டர்

அதே நிலையத்தில் ஒரு இளைஞர் குழு, இந்தியாவிலேயே ஒரு கம்ப்யூட்டரை வடிவமைத்தது. பெயர் டிஃப்ராக். 1960-ல் ஓடத் தொடங்கியது. உள்ளே சுமார் 2,700 வெற்றிடக் குழாய்கள், அதாவது பழைய ரேடியோவில் இருக்குமே, அந்த வால்வுகள். டிசைன் தொடங்கிய 1950-களின் நடுவில், நம்பிக் கட்டுவதற்குக் கையில் கிடைத்த பாகம் அதுதான். வால்வு சூடாகும், மின்சாரம் குடிக்கும், அடிக்கடி போகும். மெஷின் தயாரான நேரத்தில் ஐபிஎம் டிரான்சிஸ்டருக்கு மாறியிருந்தது. மூளையில் குறை இல்லை, பாகத்தில்தான் குறை!

1962 சீனப் போர், ராணுவத்துக்கான மின்னணுக் கருவிகளில் நாம் எவ்வளவு பின்தங்கியிருக்கோம்னு காட்டிவிட்டது. மறுவருஷமே பாபா தலைமையில் மின்னணுவியல் கமிட்டி அமைந்தது. கருவிகளை மட்டுமில்ல, அவற்றின் பாகங்களையும் இங்கேயே செய்யணும் என்று பத்தாண்டுத் திட்டம் போட்டது அந்தக் கமிட்டி. அறிக்கை வெளிவந்த 1966-ல் அவர் உயிரோடு இல்லை. ஜனவரி 24 அன்று, மோன் பிளாங்க் மலையில் மோதிய ஏர் இந்தியா விமானத்தில் அவரும் இருந்தார். வயது 56.

அவர் வளர்த்த மின்னணுப் பிரிவிலிருந்து 1967-ல் ஹைதராபாத்தில் இசிஐஎல் பிறந்தது. காரைக்கால் பக்கத்துக் கருக்களாச்சேரியில் நீங்க ஓட்டுப் போட்டாலும் சரி, காஷ்மீரில் போட்டாலும் சரி, அந்த வாக்குப்பதிவு இயந்திரத்தைத் தயாரிக்கும் இரண்டு அரசு நிறுவனங்களில் இசிஐஎல் ஒண்ணு. டிசைன் நம்முடையது, மென்பொருள் நம்முடையது. உள்ளே இருக்கிற மைக்ரோகன்ட்ரோலர் சிப் மட்டும் வெளிநாட்டிலிருந்து வந்தது. ஒருமுறை எழுதிய நிரலை மறுபடி மாற்ற முடியாத வகை சிப் அது.