உருக்கறிஞர் சேர் றொபேட் ஹட்பீல்ட்

இரும்பின் பகை துருவாகும். கடற்காற்று உலவும் யாழ்ப்பாணத்து மக்களுக்கு இதனை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கிணற்றுக் கப்பியும் கதவுப் பிணைச்சலும் மண்வெட்டியும் செந்நிறப் பொடியாய் உதிர்வதை யாவரும் காண்கின்றோம். அப்பகையை வென்ற கறையில் உருக்கோ இன்று நம் அடுக்களைகளிற் சில்வர்ப் பாத்திரமாய் இடம்பெற்றுள்ளது. அவ்வெற்றிக்கு மிக அணித்தே சென்றும் அதனை எய்தாது போன பேரறிஞர் ஒருவரின் வரலாறு மாணவர் அறிந்து பயன்கொள்ளத் தக்கது. அவரே சேர் றொபேட் ஹட்பீல்ட் ஆவர்.

இவர் உருக்குத் தொழிலாற் புகழ்பெற்ற இங்கிலாந்து நகராகிய ஷெபீல்டில் 1858ஆம் ஆண்டு நவம்பர் 28ஆந் திகதி பிறந்தார். தந்தையார் உருக்கு வார்ப்பாலை நடத்தியவர். பள்ளிக் கல்வி முடிந்தபின் மைந்தரும் அவ்வாலையிலேயே தொழில் பயின்றார். பிற உலோகங்களைச் சிறிது சிறிதாய்க் கூட்டினால் உருக்கின் இயல்பு எவ்வாறு மாறும் என்பதே இளமை முதல் இவர் உள்ளத்தைப் பற்றிய வினா.

மங்கனீசைக் கூட்டியவர் இவருக்கு முன்னும் இருந்தனர். அளவு சிறிது மிகுந்ததும் உருக்கு நொறுங்கியது. அவர்கள் முயற்சியைக் கைவிட்டனர். ஹட்பீல்ட் கைவிட்டாரல்லர். நூற்றுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று பங்கு வரை கூட்டினார். நன்கு காய்ச்சி நீரில் தோய்த்தார். சாதாரண உருக்கு நீரில் தோய்ந்தால் வன்மையோடு நொறுங்குமியல்பும் பெறும். இதுவோ ஒடியாத் திண்மை பெற்றது. அடிக்க அடிக்க மேற்பரப்பு இறுகியது. காந்தம் இதனைக் கவரவில்லை. 1882இல் இவ்வரும்பொருளைக் கண்டபோது அவர் இளைஞரே. புகையிரதப் பாதைகளின் குறுக்குச் சந்திகளும், கல் நொறுக்கும் பொறிகளும், முதலாம் உலகப் போரிற் பிரித்தானியப் படைவீரர் அணிந்த தலைக்கவசங்களும் இவ்வுருக்கினால் ஆயின. பின்னர் சிலிக்கன் சேர்ந்த உருக்கையும் ஆராய்ந்தார். மின்மாற்றிகளில் மின்சத்து வீணாவதைக் குறைத்தது அது.

1888இல் தந்தையார் இறக்க, ஆலையின் பொறுப்பு முழுவதும் இவரைச் சார்ந்தது. எனினும் ஆராய்ச்சி தளரவில்லை. 1892இல் குரோமியம் சேர்ந்த உருக்கைப் பற்றி விரிவாக எழுதினார். அவர் ஆராய்ந்த துண்டுகளிற் சிலவற்றிற் குரோமியம் நூற்றுக்குப் பதினாறு பங்குக்கு மேல் இருந்தது. அரிப்பைத் தாங்குமோ என அறிய அவற்றைச் செறிந்த சல்பூரிக்கமிலத்தில் இட்டார். அவை அரிக்கப்பட்டன. எனவே குரோமியம் உருக்கின் அரிப்பைத் தாங்கும் ஆற்றலைக் கெடுக்கும் என முடிபு செய்தார்.

அம்முடிபு தவறாயிற்று. குரோமியம் வளியிலுள்ள ஒட்சிசனோடு கூடி உருக்கின்மேற் கண்ணுக்குப் புலனாகாத மெல்லிய படலம் ஒன்றைப் போர்க்கிறது. கீறுண்டாலும் ஒட்சிசன் கிடைக்குமிடத்துத் தானே புதுப்பித்துக் கொள்வது அப்படலம். அவர் தேர்ந்த அமிலமோ அதனை நிலைபெற விடாதது. அன்றியும் அத்துண்டுகளில் மிகுந்திருந்த காபன் குரோமியத்திற் பெரும்பகுதியைத் தன்னோடு பிணித்துக் கொண்டது. நீரிலும் ஈரக்காற்றிலும் நைத்திரிக்கமிலத்திலும் முறையே சோதித்திருப்பின் வேறு விடை கிடைத்திருக்கும்.

இருபதாண்டுகளின் பின் அவ்விடையைப் பிறர் கண்டனர். 1911இல் மொனாற்ஸ் என்னும் ஜெர்மானியர் குரோமியத்தின் காப்பாற்றலை விளக்கினார். 1912இல் ஜெர்மனியின் குறுப் ஆலையில் நிக்கலும் குரோமியமும் சேர்ந்த உருக்குத் தோன்றிற்று. 1913இல், ஹட்பீல்டின் சொந்த நகராகிய ஷெபீல்டிலேயே, துப்பாக்கிக் குழாய்களுக்கேற்ற உருக்கைத் தேடிய ஹரி பிறியேளி குரோமியம் ஏறத்தாழ 13 பங்குள்ள உருக்கை வார்த்தார். காடிக்கும் எலுமிச்சஞ் சாற்றுக்கும் அது அசையாதிருந்தது.

இவற்றால் வளர்ந்த கறையில் உருக்குகளுள் மூவகை தலையாயவை. பிறியேளி கண்ட வகை, தோய்த்து வன்மையேற்றத் தக்கது, காந்தத்திற் பற்றும், கத்திக்கும் சத்திர வைத்தியக் கருவிகளுக்கும் உரியது. காபன் குறைந்து, குரோமியம் 17 பங்கு வரையுள்ள இரண்டாம் வகையும் காந்தத்திற் பற்றும்; ஆயின் தோய்த்தலால் வன்மையேறாது; அடுப்பு முதலியவற்றின் தகடுகளுக்கு ஏற்றது. குரோமியம் 18 பங்கும் நிக்கல் 8 பங்கும் கொண்ட மூன்றாம் வகை காந்தத்திற் பெரும்பாலும் பற்றாது, எளிதில் வளையும், சமையற் பாத்திரங்களும் பாற் கலங்களும் இதனாற் செய்யப்படுவன. இதற்கும் உப்பு நீர் பகையே; நுண்ணிய குழிகளைத் தோண்டிவிடும். ஆதலிற் கடலோடு பழகும் கருவிகளுக்கு மொலித்தனம் இரண்டு மூன்று பங்கு சேர்ப்பர். எப்பகைக்கும் அஞ்சாத உருக்கு ஒன்றேனும் இல்லை. எதற்கு எது தாங்கும் என்றறிவதே அறிவு.

ஹட்பீல்டின் பெருமை இத்தவறினாற் குன்றவில்லை. 1908இல் சேர் பட்டமும், 1909இல் இலண்டன் அரச கழகத்தில் உறுப்பாண்மையும் பெற்றார். நம் நாட்டோடும் அவருக்குத் தொடர்புண்டு. கொழும்பு நூதனசாலையிலிருந்து பெற்ற பழைய இரும்புப் பொருள்களை ஆராய்ந்து 1912இற் கட்டுரை வெளியிட்டார். சிகிரியாவிற் கிடைத்த, ஐந்தாம் நூற்றாண்டினதெனக் கருதப்பட்ட உளியொன்றும் அவற்றுட் சேர்ந்தது. காபனேற்றிக் கடினமாக்கும் முறையை இலங்கைக் கொல்லர் அன்றே அறிந்திருந்தனர் என்பதற்கு அதில் அடையாளங் கண்டார். அக்காலத்தில் டில்லி இரும்புத் தூணையும் ஆராய்ந்து, அது நூற்றுக்கு 99.72 பங்கு இரும்பெனவும், அதிற் பொசுபரசு 0.114 பங்கு உளதெனவும் கணித்தார். குரோமியம் இன்றியே ஆயிரத்தறுநூறு ஆண்டுகளாக அத்தூண் நிற்பதற்கு அப்பொசுபரசின் துணையால் உண்டாகிய காப்புப் படலமே காரணமெனப் பிற்காலத்துக் கான்பூர் அறிஞர் பாலசுப்பிரமணியம் விளக்கினார்.

முதுமையிலும் அவர் பிறர் உழைப்பைப் போற்ற மறந்தாரல்லர். கொல்லர் மகனாய்ப் பிறந்த மைக்கேல் பரடே, இந்திய உருக்கின் சிறப்பால் ஈர்க்கப்பட்டு நூறாண்டுகளுக்கு முன் செய்துவைத்த 79 உருக்குத் துண்டுகளை ஆராய்ந்து, 1931இல் நூலொன்று வெளியிட்டார். 1940ஆம் ஆண்டு செப்டெம்பர் 30ஆந் திகதி இவ்வுலக வாழ்வை நீத்தார்.

மங்கனீசில் பிறர் நின்றவிடத்தைக் கடந்து சென்றமையால் ஹட்பீல்ட் வென்றார். குரோமியத்தில் ஒரு சோதனையோடு நின்றமையால் வெற்றியை இழந்தார். மாணவர் இதனாற் பெறுவது முயற்சி. ஆசிரியராகிய எமக்கும் இதிலொரு பாடமுண்டு. ஒரு பரீட்சையில் தவறிய பிள்ளையைப் பயனற்றவன் என முடிபு செய்யுமுன், நாம் இட்ட அமிலம் அவனுக்கேற்ற சோதனைதானா என்று ஒருகால் எண்ணிப் பார்த்தல் நன்று.