ஃப்ரூடு நம்பருக்குப் பின்னால் ஒரு மனிதர்

ஃபுளூயிட் மெக்கானிக்ஸில் ரெனால்ட்ஸ் நம்பருக்குப் பக்கத்திலேயே ஃப்ரூடு நம்பரும் வரும். ஃபார்முலாவை மனப்பாடம் பண்ணி, ரெண்டு மார்க் வாங்கிட்டு நகர்ந்துடுவோம். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் கப்பல்களின் ஆட்டத்தையே அடக்கியவர் என்பது சிலபஸில் கிடையாது.

வில்லியம் ஃப்ரூடு 1810-இல் இங்கிலாந்தின் டெவன் பகுதியில், டார்டிங்டன் என்ற ஊரில் பிறந்தார். அப்பா பாதிரியார். ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் படித்துவிட்டு, புகழ்பெற்ற இன்ஜினியர் புரூனலிடம் ரயில்பாதை வேலையில் சேர்ந்தார். 1846-இல் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று வேலையை விட்டுவிட்டு ஊருக்கே திரும்பிட்டார். இன்றைய எச்.ஆர். பாஷையில் அது பத்து வருஷத்துக்கும் மேலான கரியர் கேப்.

ஆனால் புரூனல் அவரை மறக்கவில்லை. 1850-களில் அவர் கட்டிக்கொண்டிருந்த கிரேட் ஈஸ்டர்ன் கப்பலின் நீளம் 692 அடி. அன்றைக்கு உலகத்திலேயே பெரியது. இவ்வளவு பெரிய கப்பல் அலையில் எப்படி ஆடும் என்று கண்டுபிடிக்கும் வேலையை ஃப்ரூடிடம் கொடுத்தார்.

1861-இல் ஃப்ரூடு விடை சொன்னார். ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிசாகத் தள்ள வேண்டியதில்லை. சரியான நேரத்தில் சின்னதாகத் தள்ளிக்கொண்டே இருந்தால் போதும், ஊஞ்சல் உயரே போய்விடும். ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு முறை இப்படியும் அப்படியும் ஆட இவ்வளவு விநாடி என்று ஒரு கணக்கு உண்டு. அலைகளும் அதே இடைவெளியில் வந்தால் ஆட்டம் கூடிக்கொண்டே போகும். நாம ரெசொனன்ஸ் என்று படிக்கிற அதே விஷயம்தான்.

இதைக் குறைப்பது எப்படி? இங்கேதான் கீல் வருகிறது. படகின் அடியில் நடுவாக ஓடுகிற முதுகெலும்புதான் கீல். தமிழில் ஏரா என்பார்கள். பாய்மரப் படகைக் காற்று பக்கவாட்டில் தள்ளும்போது, கீலின் அகலமான பக்கம் தண்ணீரை எதிர்த்து நிற்கும். அதனால் படகு ஒதுங்காமல் முன்னால் போகிறது. ஃப்ரூடு வலியுறுத்தியது பில்ஜ் கீல். கப்பலின் இரண்டு பக்கமும், அடிப்பாகம் வளைகிற இடத்தில், நீளவாக்கில் பொருத்துகிற துடுப்பு மாதிரியான தகடு. கப்பல் ஆடும்போதெல்லாம் அது தண்ணீரைக் கலக்கிச் சுழிகளை உண்டாக்கும். ஆட்டத்தின் சக்தி அந்தச் சுழிகளில் கரைந்துபோகும். 1872-இல் பில்ஜ் கீல் வைத்த கிரேஹவுண்ட், வைக்காத பெர்சியஸ் என்ற இரண்டு போர்க்கப்பல்களை ஒரே கடலில் பக்கத்தில் பக்கத்தில் விட்டுப் பார்த்தார்கள். கிரேஹவுண்டின் ஆட்டம் ஏறக்குறைய பாதிதான் இருந்தது.

அவருடைய பெரிய சண்டை வேறு. சின்ன மாடலை வைத்துப் பெரிய கப்பலைக் கணிக்க முடியாது என்று அன்றைய நிபுணர்கள் உறுதியாக நம்பினார்கள். 1869-இல் இதை ஆராய்ந்த கமிட்டி, முழு அளவுக் கப்பலில்தான் சோதிக்க வேண்டும் என்றது. அதே கமிட்டியில் இருந்த ஃப்ரூடு ஒத்துக்கொள்ளவில்லை. அவர் ஏற்கெனவே டார்ட் ஆற்றில் ஸ்வான், ரேவன் என்று இரண்டு வடிவ மாடல்களை 3, 6, 12 அடி நீளங்களில் செய்து இழுத்துப் பார்த்திருந்தார். வேகத்தை நீளத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாற்றினால், சின்னதும் பெரியதும் ஒரே மாதிரி அலைகளை எழுப்பின. அதாவது, 16 நாட் வேகத்தில் போகும் கப்பலுக்கு 16-இல் ஒரு பங்கு மாடல் செய்தால், அதை 4 நாட் வேகத்தில் இழுக்க வேண்டும். பிரான்ஸில் ரீச் என்பவர் இந்த விதியை முன்னாடியே சொல்லியிருந்தார். ஆனால் அதைத் தண்ணீரில் சோதித்து, கப்பல் கட்டுபவர்கள் கையில் கொடுத்தவர் ஃப்ரூடு.

கடற்படை 2000 பவுண்டு கொடுத்தது. டார்க்கீயில் தன் வீட்டுக்குப் பக்கத்தில் 278 அடி நீளத் தொட்டி கட்டினார். மாடல்களை பாரஃபின் மெழுகில் செய்தார். வடிவம் சரியில்லை என்றால் உருக்கி மறுபடி வார்த்துக்கொள்ளலாம். ஆனால் எதிர்த்தவர்களை மெழுகு மாடல் மட்டும் வாயடைக்காதே! அதனால் 1871-இல் நிஜமான கிரேஹவுண்டையே இன்னொரு கப்பலால் கடலில் இழுக்க வைத்து, இழுவிசையை அளந்தார். மாடல் சொன்னதும் கடல் சொன்னதும் ஒத்துப்போயின.

1878-இல் மனைவி இறந்தார். அதன்பின் கடற்படையின் விருந்தினராக ஒரு கப்பலில் தென்னாப்பிரிக்கா போனவர், 1879 மே 4-ஆம் தேதி சைமன்ஸ்டவுனில் இறந்துபோனார். கடற்படை மரியாதையுடன் அங்கேயே அடக்கம் செய்தார்கள். தொட்டி வேலையை மகன் ராபர்ட் எட்மண்ட் தொடர்ந்தார்.

இன்றைக்கும் பெரிய கப்பல்கள் முதலில் மாடலாகத்தான் தொட்டியில் மிதக்கின்றன. சென்னை ஐஐடியின் கடல் பொறியியல் துறையிலும் அப்படி ஒரு தொட்டி இருக்கிறது. ஒரு மாடலை எந்த வேகத்தில் இழுக்கணும் என்று அங்கே கணக்குப் போடுகிறவர் எழுதுவது, நாம ரெண்டு மார்க்குக்கு எழுதின அதே ஃபார்முலாதான்.