மாட்டுக்காரர்கள் நம்பிய சுவார்ட்ஸ் ஐயர்

டாக்டர் அப்துல் கலாம் இராமேஸ்வரத்தில் பிறந்தவர் என்பது நம் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் பலருக்கும் தெரியும். அவர் இராமநாதபுரத்தில் படித்த உயர்நிலைப் பள்ளியின் பெயர் தெரியுமா? அது சுவார்ட்ஸ் பள்ளி. அந்தப் பெயருக்கு உரியவர் ஒரு ஜெர்மானியப் போதகர். கலாம் பிறப்பதற்கு 133 ஆண்டுகளுக்கு முன்பே தஞ்சாவூரில் மறைந்தவர்.

அவரைப் பற்றி எழுதவேண்டும் என்று எனக்கு நெடுநாளாக எண்ணம். நான் ஜொகூரில் ஒரு லூத்தரன் சபையைச் சேர்ந்தவன். எங்கள் இளையோர் பலர் விடியுமுன் எழுந்து, பாலம் கடந்து, சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு இரவில் வீடு திரும்புகிறார்கள். சபையில் ஊழியம் செய்ய நேரமே இல்லையே என்று அவர்கள் வருந்துவதைக் கேட்டிருக்கிறேன். ஊழியம் என்றால் ஞாயிற்றுக்கிழமை பாடுவது, ஜெபம் நடத்துவது, ஓய்வுநாள் பள்ளியில் கற்பிப்பது மட்டும்தான் என்று நினைக்கிறார்கள். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே மார்ட்டின் லூத்தர் இந்த எண்ணத்தை மறுத்தார். செருப்புத் தைப்பவர் நல்ல செருப்பைத் தைத்துக் கொடுப்பதும், தாய் பிள்ளையைக் குளிப்பாட்டுவதும், உழவர் உழுவதும் அயலாருக்குச் செய்யும் தொண்டு. அதுவும் கடவுள் தரும் அழைப்புதான் என்பது அவர் போதனை. இதைப் பாடமாகச் சொன்னால் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். சுவார்ட்ஸின் கதையைச் சொன்னால் கேட்கிறார்கள்.

கிறிஸ்டியான் பிரெடரிக் சுவார்ட்ஸ் 1726இல் பிரஷியாவின் சோனன்பர்க் என்ற சிற்றூரில் பிறந்தார். அந்த ஊர் இன்று போலந்து நாட்டில் இருக்கிறது. சிறு வயதிலேயே தாயை இழந்தார். ஹாலே நகரில் படிக்கும்போது, தமிழ்நாட்டில் பணியாற்றித் திரும்பியிருந்த பெஞ்சமின் ஷுல்ட்சே என்பவரின் தொடர்பு கிடைத்தது. தமிழ் விவிலிய அச்சுப் பணிக்கு உதவுவதற்காக ஜெர்மனியிலேயே தமிழ் எழுத்து பழகினார். தமிழ் மண்ணை மிதிக்குமுன் தமிழ் அவரிடம் வந்துவிட்டது.

1750ஆம் ஆண்டு ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். 1706இல் சீகன்பால்கு வந்து இறங்கிய அதே கடற்கரை. நம் நாட்டுத் தமிழ் லூத்தரன் சபைகளின் வேரும் அங்கேதான். மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர் பலர் கப்பலேறிய நாகப்பட்டினமும் அங்கிருந்து அதிக தூரமில்லை. வந்த சில மாதங்களிலேயே சுவார்ட்ஸ் தமிழில் பிரசங்கம் செய்தார். அதன்பின் 48 ஆண்டுகள் வாழ்ந்தார். ஒருமுறைகூட ஐரோப்பாவுக்குத் திரும்பவில்லை. திருமணமும் செய்துகொள்ளவில்லை.

தரங்கம்பாடிக்குப் பிறகு திருச்சி. அங்கே ஆங்கிலேயப் படைவீரர்களுக்கும் போதகராக இருந்தார். கம்பெனி அதற்காக ஆண்டுக்கு 100 பவுன் கொடுத்தது. அதில் பெரும்பகுதி பள்ளிக்கும் சபைக்கும் போனது. அவருடைய அறையில் கட்டில் போட்டால் மீதி இடம் குறைவு. சோறும் காய்கறியுமே சாப்பாடு. தமிழோடு மராத்தி, பாரசீகம், இந்துஸ்தானி, போர்த்துகீசியம், ஆங்கிலம் என்று எதிரில் இருப்பவரின் மொழியில் பேசக் கற்றுக்கொண்டார். தஞ்சை வட்டாரத்தில் போதகரை 'ஐயர்' என்று அழைப்பார்கள். நம் சபைகளிலும் மூத்தவர்கள் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள். அவரும் சுவார்ட்ஸ் ஐயர் ஆனார்.

1778இல் தஞ்சாவூருக்கே குடிபெயர்ந்தார். மறு ஆண்டு கம்பெனி அவரை மைசூரின் ஹைதர் அலியிடம் சமாதானத் தூதராக அனுப்பியது. ஹைதர் வழிச்செலவுக்குக் கொடுத்த 300 ரூபாயைத் திரும்பி வந்ததும் கம்பெனியிடமே ஒப்படைத்தார். அவர்கள் வாங்க மறுக்கவே, தஞ்சையில் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளி நிதியில் சேர்த்தார். தூது பலிக்கவில்லை. 1780இல் ஹைதரின் படை கர்நாடகப் பகுதிக்குள் புகுந்தது. ஆனாலும் இந்தப் போதகரை யாரும் தடுக்கக் கூடாது என்று ஹைதர் தம் படைக்குக் கட்டளையிட்டிருந்தார்.

நான் சொல்லவந்த கதை இனிமேல்தான்.

போரினால் ஊர்கள் எரிந்தன. மக்கள் தஞ்சைக் கோட்டைக்குள் அடைக்கலம் புகுந்தார்கள். வெளியே சிற்றூர்களில் நெல் இருந்தது. அதைக் கோட்டைக்குக் கொண்டுவர மாடுகள் இல்லை. மாடுகள் இல்லை என்பதைவிட, யாரும் கொடுக்கத் தயாராக இல்லை என்பதே உண்மை. முன்பு அரசரின் ஆட்களும் கம்பெனியின் ஆட்களும் மாட்டையும் நெல்லையும் வாங்கிக்கொண்டு காசு கொடுக்காமல் ஏமாற்றியிருந்தார்கள். அதனால் துளஜாஜி மன்னரின் ஆணைக்கும் பயனில்லை, கம்பெனி அதிகாரிகளின் வாக்குறுதிக்கும் பயனில்லை. தெருக்களில் காலைதோறும் பிணங்கள் கிடந்தன. அரிசிக் களஞ்சியம் என்று பெயர் வாங்கிய தஞ்சையில்!

கடைசியில், சுவார்ட்ஸ் கேட்டால் மக்கள் நம்புவார்களா பார்க்கலாம் என்று முழுப் பொறுப்பையும் அவரிடம் கொடுத்தார்கள். அவர் ஊர்களுக்குச் சொல்லி அனுப்பினார். மாட்டைக் கொண்டுவாருங்கள், கூலியை என் கையால் நானே கொடுப்பேன் என்பதுதான் செய்தி. இரண்டொரு நாளில் ஏறத்தாழ ஆயிரம் மாடுகள் வந்து சேர்ந்தன.

மாடுகளோடு கிராமங்களுக்குப் போனவர்கள் யார்? அவருடைய சபையின் உபதேசியார்களும் மற்றக் கிறிஸ்தவர்களும்தான். ஞாயிறன்று ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தவர்கள், எதிரிப் படை திரியும் வழியில் மாட்டை ஓட்டிக்கொண்டு போய், விரைந்து நெல்லைக் கொண்டுவந்தார்கள். கோட்டை பிழைத்தது. வேலை முடிந்ததும் சுவார்ட்ஸ் ஒவ்வொருவருக்கும் கூலியைக் கொடுத்து, மேலே சிறு அன்பளிப்பும் தந்து வீட்டுக்கு அனுப்பினார். பிறகு இன்னொரு முறை கோட்டைக்குத் தட்டுப்பாடு வந்தது. அப்போது அவர் கூப்பிட்டதும் மக்கள் தயங்காமல் வந்தார்கள். எனக்கு முதல்முறையைவிட இந்த இரண்டாம் முறைதான் பெரிதாகத் தெரிகிறது. கூலிக்காகக் காத்து நின்ற தோட்டத்துப் பெரியவர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதன் அருமை சொல்லாமலே புரியும்.

இன்னொன்று. பஞ்சம் வருமுன், விலை மலிவாக இருந்தபோதே அவர் பெருமளவு நெல் வாங்கிச் சேமித்திருந்தார். பசியோடு வந்தவர்களுக்குச் சோறிட அது உதவியது. பிரசங்கம் தயாரிப்பவர் நெல் விலையையும் கவனித்துக்கொண்டிருந்தார்.

போர் ஓய்ந்த பிறகும் தொல்லை தீரவில்லை. வரிக்கொடுமை தாங்காமல் உழவர்கள் ஊரைவிட்டு ஓடியிருந்தார்கள். காவிரியில் தண்ணீர் வந்தும் வயல்கள் தரிசாகக் கிடந்தன. அதிகாரிகள் அழைத்தபோது அவர்கள் வரவில்லை. சுவார்ட்ஸ் உறுதி கொடுத்தபின் ஏறத்தாழ 7,000 பேர் தங்கள் நிலத்துக்குத் திரும்பினார்கள். பருவம் தப்பியிருந்தாலும் இரவு பகலாக வேலை செய்து நாட்டை மறுபடியும் விளையவைத்தார்கள்.

அவரைப் புனிதராக்க நான் முயலவில்லை. அவருடைய சபைகளில் சாதி பார்த்துத் தனித்தனியாக உட்காரும் வழக்கம் தொடர்ந்தது. அதை அவர் வேரோடு களையவில்லை. பின்வந்தவர்கள் அதனோடு நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது. நாட்டைப் பிடிக்க வந்த கம்பெனியோடு அவருக்கு இருந்த நெருக்கமும் கேள்விக்குரியதே. இவற்றையும் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பள்ளிகள் அவர் கையில் இருந்த இன்னொரு வேலை. தஞ்சை, இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய ஊர்களில் 1780களில் ஆங்கிலப் பள்ளிகள் தொடங்கக் காரணமானார். திருநெல்வேலியிலிருந்து ஒரு சிறுவனைத் தஞ்சைக்கு அழைத்துவந்து படிக்கவைத்தார். அவர்தான் பின்னாளில் புகழ்பெற்ற வேதநாயக சாஸ்திரியார். அதே காலத்தில் அரண்மனையிலும் ஒரு சிறுவன் இருந்தான். 1787இல் துளஜாஜி மன்னர் இறக்கும் தறுவாயில் தத்தெடுத்த பத்து வயது சரபோஜி. ஆட்சியைக் கைப்பற்றிய அமர்சிங் அவனைப் படிக்கவிடாமல் அடைத்துவைத்தபோது, சுவார்ட்ஸ் விடாமல் முறையிட்டு 1793இல் சென்னைக்கு அனுப்பிப் படிக்க வழி செய்தார். சரபோஜி கடைசிவரை இந்துவாகவே வாழ்ந்தார். தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தை இவ்வளவு பெரிதாக வளர்த்தவர் அவரே.

1798 பிப்ரவரி 13ஆம் நாள் சுவார்ட்ஸ் காலமானார். சரபோஜி வந்து அழுதார். அதே ஆண்டு அவர் அரசரானார். பிறகு இலண்டன் சிற்பி பிளாக்ஸ்மனிடம் சொல்லி, தம் ஆசானுக்கு ஒரு பளிங்குச் சிற்பம் செய்யவைத்தார். அதில் சுவார்ட்ஸ் மரணப்படுக்கையில் கிடக்கிறார்; சரபோஜி அவர் கையைப் பற்றியிருக்கிறார்; கால்மாட்டில் பள்ளிப் பிள்ளைகள் மூவர் நிற்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போகும் நம்மவர்கள் சற்று நடந்தால் சிவகங்கைப் பூங்காவை ஒட்டி 1779இல் கட்டப்பட்ட சுவார்ட்ஸ் தேவாலயத்தைப் பார்க்கலாம். சிற்பம் அங்கேதான் இருக்கிறது.